எண்பத்து நான்கு அட்டைகள்

டைப்ரைட்டரைக் கண்டுபிடித்தவன் நிச்சயமாகக் கதை எழுதுகிறவன் இல்லை. எழுதுகிறவனாக இருந்தால் இப்படியொரு சனியனைச் செய்து இன்னொரு எழுத்தாளன் தலையில் கட்டியிருக்க மாட்டான்.

எண்பத்து நான்காம் வருடம் ஆனி மாதத்தில் எனக்குச் சென்னைப் பத்திரிகை ஒன்றிலிருந்து ஒரு கார்டு வந்தது. தீபாவளி மலருக்குக் கதை கேட்டிருந்தார்கள். பதினோரு வருடமாக நான் அனுப்புவதும் அவர்கள் திருப்புவதுமாக இருந்ததில் நாலே நாலு கதைதான் அச்சாகியிருந்தது. அவர்களாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. கடைசி வரியில், 'தங்கள் கையெழுத்து இங்கே யாருக்கும் புரிவதில்லை. டைப் செய்து அனுப்பவும்' என்று இருந்தது. போளூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பழைய தமிழ் மெஷின் ஒன்றை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஆரணி வந்து சேர்ந்தேன். இறங்கும்போது இரண்டு தொடையும் மரத்துப் போயிருந்தன.

என் தொழிலைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். பட்டுத்தறிகளுக்கு அட்டை அடிக்கிறவன் நான். புடவைக் கரையில் மொட்டு வர வேண்டுமா, மயில் வர வேண்டுமா, அதற்கான கிராஃப் தாளைப் பார்த்து, நீளமான அட்டைகளில் துளை போட வேண்டும். அவற்றை வரிசையாகக் கோத்துத் தறிக்கு மேல் இருக்கும் ஜக்காடு பெட்டியில் மாட்டினால், நெசவாளியின் ஒவ்வொரு மிதிக்கும் ஓர் அட்டை உருண்டு வரும். எந்த இழை எழும்ப வேண்டும் என்பதைத் துளைகள் சொல்லும். ஆயிரக்கணக்கான துளைகளில் ஒன்றுகூடத் தப்பாமல் அடிக்கிற இந்தக் கைக்கு, அந்த மெஷினில் 'அம்மா' என்று ஒரு வார்த்தை வரவில்லை. புள்ளி அதற்குரிய எழுத்தின் தலையில் உட்காராமல் பக்கத்து வீட்டுக்காரன் தலையில் போய் உட்காரும். கொஞ்சம் வேகமாக அடித்தால் நாலு கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு நடுவில் நிற்கும். பிரித்துவிட்டு விரலைப் பார்த்தால் ரிப்பன் மை. மூக்கைத் தொட்டால் மூக்கிலும் மை. என் மனைவி தெய்வநாயகி இரண்டு நாள் சிரித்தாள், மூன்றாம் நாள் அவளுக்கே சலித்துவிட்டது.

நான் கதையை நோட்டில் எழுதுவதில்லை. அடிக்காத வெற்று அட்டைகளில்தான் எழுதுவேன். மின்விசிறிக்குப் பறக்காது, சீட்டுக்கட்டு மாதிரி முன்பின் மாற்றிப் பார்க்கலாம். இன்னொரு பழக்கமும் உண்டு. முதல் பிரதியில் நிஜப் பெயர்களையே எழுதுவேன். பெயரை மாற்றினால் முகம் மாறிவிடுகிறது. கடைசியில் பத்திரிகைக்கு எழுதும்போதுதான் பெயரை மாற்றுவேன். இந்தப் பழக்கம்தான் என் குடியைக் கெடுத்தது.

கதை ரேணுகாம்பாளுடையது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் நெசவாளி சக்கரவர்த்தியின் மனைவி. தெய்வநாயகிக்கு உயிர்த்தோழி. மூன்று வருடத்துக்கு முன்னால் தெள்ளாரில் அவளுடைய அப்பா இறந்துபோனார். எடுக்கிற அன்றைக்குப் போய் வந்தவள், பதினாறாம் நாள் காரியத்துக்கும் போக வேண்டும் என்று கேட்டாள். முகூர்த்தப் புடவை தறியில் இருக்கிறது, முடியட்டும் என்றான் சக்கரவர்த்தி. முடிந்தபோது காரியமும் முடிந்திருந்தது. அதற்கு அடுத்த வாரம், அவன் காஞ்சிபுரம் போயிருந்த ஒரு நாளில், அவள் கதவைப் பூட்டிச் சாவியை மாடத்தில் வைத்துவிட்டு பஸ் ஏறினாள். தெள்ளாருக்கு அல்ல. தாய் வீட்டுக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எதிர்த்திசையில், வேலூர் வழியில். கண்ணமங்கலத்தில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்காக மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு திரும்பி வந்து, அவன் வருவதற்குள் சோறு வடித்துவிட்டாள். நான் எழுத உட்கார்ந்த அன்றுவரை அவனுக்குத் தெரியாது. அவள் தெய்வநாயகியிடம் மட்டும் சொன்னாள், தெய்வநாயகி என்னிடம் மட்டும் சொன்னாள்.

எழுதுகிறவனிடம் சொல்லக் கூடாது. அதைத் தெய்வநாயகி யோசிக்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவதொரு ஊர் பஸ் ஸ்டாண்டில் போய்ச் சும்மா உட்கார்ந்து ஜனங்களை வேடிக்கை பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. அந்த மாதம் நாலு ஞாயிறும் கண்ணமங்கலம்தான் போனேன். அவள் உட்கார்ந்திருக்கக்கூடிய பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, துக்கத்தை வரவழைக்கப் பார்த்து, ஆறு வடை தின்றுவிட்டு வந்தேன். ஆனால் கதை நன்றாக வந்தது. நூற்றுப்பத்து அட்டை. முடிவை எழுதும்போது என் கண்ணே கலங்கியது.

அதை டைப் அடிக்க ஆரம்பித்தேன். ஓர் அட்டை முடிந்ததும் எழுத்து கீழே இருக்கும்படி கவிழ்த்து வலப்பக்கம் அடுக்குவேன். எண்பத்து நான்காவது அட்டையைக் கவிழ்த்து வைத்த கையோடு மெஷினின் ஸ்பிரிங் ஒன்று துள்ளிக் கட்டிலுக்கடியில் ஓடிவிட்டது. நான் தரையில் குப்புறப் படுத்துத் துழாவிக்கொண்டிருந்த நேரத்தில்தான் பட்டுக் கடை முதலாளி முருகேசன் வந்து நின்றார்.

"மாணிக்கவேலு, பூமிக்கடியில இன்னா தேடற? சக்கரவர்த்திக்கு இந்த மொட்டுக் கரை அட்டை நாளைக்கே ஓணும். ஜல்தி. ஆவணி பத்தாந்தேதி கல்யாணம், அடுத்த புதன்கெழம சாயங்காலம் புடவை என் கைக்கு வந்தாவணும்."

அவர் போன கையோடு மெஷினை ஓரம் தள்ளிவிட்டு வேலைக்கு உட்கார்ந்தேன். கை அடித்தது, மனம் முழுவதும் அந்த ஸ்பிரிங்கிலேயே கிடந்தது. வலப்பக்கம் வழக்கமாக வெற்று அட்டை இருக்கிற இடம். எடுத்தேன், அடித்தேன், அடுத்ததை எடுத்தேன். நூற்றிருபது அட்டை வேண்டும். எண்பத்து நாலு அங்கே தீர்ந்ததும் மீதியைப் பரணிலிருந்து எடுத்தேன். அப்போதாவது உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. கவிழ்ந்தபடியே கோத்தும் முடித்தேன். மறுநாள் சக்கரவர்த்தியே வந்து அந்த அட்டை மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

இரண்டு நாள் கழித்து ஸ்பிரிங் கிடைத்தது. மெஷினில் மாட்டிவிட்டு, விட்ட இடத்தைப் பார்க்கலாம் என்று வலப்பக்கம் கையை நீட்டினேன். வெறும் மேஜைதான் இருந்தது.

ரேணுகாம்பாள் ஓடிப்போன கதையை, அவள் பெயரோடு, நானே துளை போட்டு, அவள் புருஷனின் தலைக்கு மேல் தொங்கவிட்டிருக்கிறேன். அதுவும் ஒரு முறை அல்ல. கரையில் மொட்டு திரும்பத் திரும்ப வர வேண்டும் அல்லவா? ஒரு நாளைக்கு இருபது சுற்றாவது சுற்றும்.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். சக்கரவர்த்தி தறிக் குழியில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தான். மேலே அட்டைகள் டக் டக்கென்று உருண்டன. நீல மையில் என் கையெழுத்து பளிச்சென்று தெரிந்தது. பத்திரிகைக்காரர்களுக்குப் புரியாத கையெழுத்து இவனுக்கும் புரியாமல் இருக்கட்டும் என்று ஆரணியில் இருக்கிற அத்தனை சாமியையும் வேண்டிக்கொண்டேன்.

"இன்னா மாணிக்கம், காத்தால?" என்றான்.

"ஒண்ணுமில்ல. டிசைன்ல ஒரு சின்னத் தப்பு. அட்டைய அவுத்துக் குடு, சரி பண்ணிக் கொண்டாறேன்."

"நல்லாத்தானே ஓடுது? நாள் இல்லப்பா. புடவை முடியட்டும்."

அந்த வார்த்தை எனக்குப் பழக்கமான வார்த்தை. என் கதையில் மூன்றாவது அட்டையிலேயே வருகிறது.

வீட்டுக்கு வந்தேன், உட்கார முடியவில்லை. மறுபடி அவர்கள் தெருவுக்குப் போனேன், வாசல் வரை போய்த் திரும்பினேன். மாலையில் இன்னொரு முறை. நெருப்புப்பெட்டி கேட்கிற மாதிரி போய், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, நெருப்புப்பெட்டியை வாங்காமலே வந்தேன். தெய்வநாயகி என்னைப் பிடித்து உட்கார வைத்து, "இன்னா ஆச்சு? மெஷின் கைய கடிச்சிட்டுதா?" என்றாள். சொல்லிவிட்டேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அவ என்னை நம்பி சொன்னா. நான் உங்கள நம்பி சொன்னேன். நீங்க யார நம்பி எழுதினீங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். இரண்டு நாள் சோறு மட்டும் போட்டாள், பேச்சு இல்லை.

அந்த இரண்டு நாளும் குனிந்த தலை நிமிராமல் அதே டிசைனைப் புதிதாக நூற்றிருபது அட்டையில் அடித்தேன். ஒவ்வோர் அட்டையையும் இரு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டே அடித்தேன். திங்கட்கிழமை காலை புது மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். கதையின் மீதி இருபத்தாறு அட்டையையும் பையில் எடுத்துக்கொண்டேன். வீட்டில் விட்டுவிட்டுப் போக பயமாக இருந்தது.

ரேணுகாம்பாள் வாசலுக்குப் பக்கத்தில் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணா" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனேன்.

"சக்கரவர்த்தி, புது அட்டை கொண்டாந்துட்டேன். மூணாவது மொட்டுல ஒரு துளை தப்பு. ரெண்டே நிமிஷம், மாத்திடலாம்."

அவன் மிதிப்பதை நிறுத்தினான். "துளை சரியாத்தான் கீது. எழுத்துதான் எனக்குப் புரியல" என்றான்.

பின்னால் ராட்டை நின்றது எனக்குக் கேட்டது.

அவன் தலையை உயர்த்தி, எதிரே நின்ற அட்டையைப் படித்தான். வேகமில்லாமல், எழுத்துக் கூட்டி, பள்ளிக்கூடத்தில் படிக்கிற மாதிரி. "'பதினாறாம் நாள் காரியத்துக்குப் போக வேண்டும் என்று ரேணு கேட்டாள்.' இது எங்க ரெண்டு பேருக்கு நடுவுல நடந்தது. உனக்கு யாரு சொன்னது?"

நான் வாயைத் திறப்பதற்குள் ரேணுகாம்பாள் எழுந்து வந்து தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் அட்டையைப் படித்தாள். "தெய்வநாயகிகிட்ட நான்தான் சொன்னேன்" என்றாள்.

"கண்ணமங்கலத்துக்குப் போனது?"

"அதுவும்."

அவன் கைகள் நெய்த துணியின் மேல் அப்படியே கிடந்தன. எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. பிறகு என்னைப் பார்த்து, "ஏன் திரும்பி வந்தா? அந்த அட்டை இதுல இல்லியே" என்றான்.

பையிலிருந்த இருபத்தாறையும் எடுத்துக் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு தறிச் சத்தம் கேட்கிறது, புருஷனின் குனிந்த முதுகு அவள் மனதில் வருகிறது, அழுதுகொண்டே திரும்பும் பஸ்ஸில் ஏறுகிறாள். அதுதான் என்னை அழவைத்த முடிவு. அவன் உதடு அசைய ஒவ்வொன்றாகப் படித்தான். படிக்கப் படிக்க அவன் முகம் இளகிக்கொண்டு வந்தது. சமாதானமாகிவிடும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. எழுத்துக்கு இப்படியும் ஒரு உபயோகம் உண்டே என்று, வெட்கமில்லாமல், கொஞ்சம் பெருமைகூட வந்தது.

"அப்பிடியா?" என்று அவளைக் கேட்டான்.

ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். அவள் அசைக்கவில்லை.

"இல்ல. வேலூர் பஸ் வரல" என்றாள்.

"வந்திருந்தா?"

"ஏறியிருப்பேன்."

அந்தச் சங்கடத்தைத் தாங்க முடியாமல் நான்தான், "அட்டைய மாத்திடறேன், சக்கரவர்த்தி" என்று புது மாலையைத் தோளிலிருந்து இறக்கினேன்.

"வேணாம். இருக்கட்டும்" என்றான். "கவுத்து வச்சதுலருந்து எடுத்து அடிச்சிகீற நீ. கதை பின்னாலேருந்து முன்னால ஓடுது. மொதல்ல கண்ணமங்கலத்துல உக்காந்துகினு கீறா. அப்புறம் பஸ்ல வரா. அப்புறம் கதவத் தொறக்கறா. ஒவ்வொரு சுத்துலயும் வீட்டுக்கு வந்துகினே கீறா. அஞ்சு நாளா பாத்துகினு கீறேன்."

மிதிக்கக் காலை வைத்தான்.

"அட்டைல வரது இருக்கட்டும்" என்றாள் ரேணுகாம்பாள். "நாளன்னிக்கி புதன்கெழம எங்கப்பாவுக்குத் திதி. மூணு வருஷமா நானும் கேக்கல, நீங்களும் கேக்கல."

புதன்கிழமைதான் புடவை முருகேசன் கைக்குப் போக வேண்டிய நாள். இன்னும் மூன்று முழத்துக்குக் குறையாமல் பாக்கி இருந்தது. சக்கரவர்த்தி துணியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு காலைத் தூக்கிக் குழியிலிருந்து எழுந்து வெளியே வந்தான்.

"தெள்ளாருக்கு பஸ் எத்தன மணிக்கு?" என்று கேட்டான். அவளுக்குத் தெரிந்திருந்தது. மூன்று பஸ்ஸின் நேரத்தையும் மனப்பாடமாகச் சொன்னாள்.

நான் நைசாக நழுவப் பார்த்தேன். வாசலில் பிடித்துக்கொண்டான்.

"எங்க போற? புடவை புதன்கெழம வராதுன்னு முருகேசன்கிட்ட நீ போய் சொல்லு. கதை கட்டறதுதான் உனக்குக் கைவந்த வேலையாச்சே. எதனா ஒண்ணு கட்டு."

கடைக்குப் போகும் வழியெல்லாம் கட்டிப் பார்த்தேன். காய்ச்சல், தறியில் பாவு நூல் அறுந்தது, மாமியார் மண்டையைப் போட்டது. ஒன்றுகூட நிற்கவில்லை. முருகேசன் திண்டில் சாய்ந்து, "இன்னாய்யா பேஜாரு?" என்றார்.

"அட்டை அடிச்சதுல தப்பு. என் மேலதான் தப்பு, முதலாளி" என்றேன். கடையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் கத்தினார். கேட்டுக்கொண்டு நின்றேன். நான் சொன்னது பொய் இல்லை.