ஒன்பதாவது போன்

பிரையர் ஃபால்ஸ் நகரத்தில் எட்டாம் எண் சேனலில் யார் வேண்டுமானாலும் வாயைத் திறக்கலாம். ஊர்த் தெருக்களில் கம்பி இழுக்க கேபிள் கம்பெனிக்கு அனுமதி கொடுத்தபோது, பதிலுக்கு நகர மன்றம் கேட்டு வாங்கிய சேனல் அது. உள்ளூரில் குடியிருந்தால் போதும். படிவத்தில் கையெழுத்துப் போட்டு வாரம் அரை மணி நேரம் வாங்கிக்கொள்ளலாம். என்ன பேசுகிறாய் என்று நகர மன்றம் கேட்க முடியாது, சட்டம் அப்படி. ஆகவே ஒருவர் போல்கா நடனம் ஆடினார். ஒரு அம்மாள் தன் பூனைகளுக்கு பைபிள் வாசித்தாள். எல்டன் ராட்கே செத்துப்போன தன் மகளைப் பற்றிப் பேசினார்.

சேனலை நடத்துவது லோரெட்டா பிலார்ஸ்கி. நகர மன்றக் கட்டடத்தின் நிலவறையில் அவளுக்கு ஒரு மேஜை, இரண்டு கேமரா, வீடியோ டெக்குகள் அடுக்கிய ஒரு அலமாரி. எல்டனின் மகள் ஜோலின் ஓட்டிவந்த காரின் மேல் தீயணைப்பு வண்டியைக் கொண்டுபோய் மோதியவன் லோரெட்டாவின் கணவன் காஸ்.

நடந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. அக்டோபர் மழை, விடிந்தும் விடியாத நேரம், தீவனக் கடை முனை. சைரனும் விளக்கும் போட்டபடிதான் போனான். கூப்பிட்ட இடத்தில் தீ கூட இல்லை, யாரோ அடுப்பில் கருக விட்ட சட்டி. விசாரணையில் அவன் மேல் குற்றமில்லை என்று எழுதிவிட்டார்கள். நகர மன்ற வக்கீல் மட்டும் தோளைத் தட்டிச் சொன்னார்: "அந்தக் குடும்பத்தோட ஒரு வார்த்தை பேசாதே. வேற யார்கிட்டயும் பேசாம இருந்தா இன்னும் நல்லது." காஸ் சொன்ன பேச்சைத் தட்டாதவன். தீயணைப்புத் தொண்டர் படையை விட்டான், சர்ச்சுக்குப் போவதை விட்டான், வீட்டுக் கொட்டகையில் புல்வெட்டும் இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

எல்டனிடம் வாயை மூடு என்று யாரும் சொல்லவில்லை. செவ்வாய்தோறும் மாலை ஆறரைக்கு, ஒரு மேஜை, ஒரு போட்டோ, அவர். இருபத்தைந்து நிமிடம் ஜோலினின் கதை: எந்த வயதில் சைக்கிள் கற்றாள், எந்த வாத்தியாரிடம் வாயாடினாள். கடைசி மூன்று நிமிடம் கேமராவை நேராகப் பார்த்து ஒரு கேள்வி. "காஸ் பிலார்ஸ்கி, இன்னைக்கு உன் வீட்டுல எத்தனை தட்டு வச்சீங்க?" "காஸ் பிலார்ஸ்கி, மழை பெய்யறப்ப நீ எந்தப் பக்கம் பார்த்து உக்காருவே?"

அந்தக் கேசட்டை டெக்கில் போடுகிறவள் லோரெட்டா. வேறு ஆள் இல்லை. எல்டனுக்குக் கேமரா பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததும் அவளேதான், வகுப்பு எல்லாருக்கும் பொது. நாடாவில் தன் வீட்டுப் பெயர் வரும்போது ஒலி அளவைக் காட்டும் முள் சரியாக நிற்கிறதா என்று பார்ப்பது அவளுடைய சம்பள வேலை. ஒரு தடவை முள்ளைத் தாழ்த்திவிடலாமா என்று கை போனது. தாழ்த்தவில்லை. கடைசி எழுத்துகள் ஓடி முடிந்து அவள் வீடு சேரும்போது காஸ் கொட்டகையில் இருப்பான். டிவியின் பக்கம் அவன் போவதே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஊரெல்லாம் பார்க்கிறதே. கடையில் பால் வாங்கும்போது முன்னால் நிற்பவர்கள் அவளைக் கண்டதும் இருந்தாற்போலிருந்து பனியைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்களே. அது அவளைத் தின்றது. இந்த ஆள் வாயை அடைத்தால் என் புருஷன் தலை நிமிர்வான் என்று உறுதியாக நம்பினாள்.

அடைக்க வழியில்லை. சேனலுக்குப் பொறுப்பான கேபிள் குழுவின் ஐந்து பேரும், "எங்களுக்கும் வயிறு எரியுது லோரெட்டா, ஆனா நாங்க தொட்டா கோர்ட்டுக்குப் போயிடுவார்" என்று கையை விரித்தார்கள்.

வழி நவம்பரில் கிடைத்தது. கேசட்டை வியாழன் நண்பகலுக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி. விடுமுறை வந்தால் அதற்கு முந்தைய வேலை நாள். ஒரு தடவை தவறினாலும் நேரம் பறிபோகும், காத்திருக்கும் பட்டியலில் முதல் ஆளுக்குப் போய்விடும். கேசட்டை எப்போதும் தாமதமாகத் தரும் போல்காக்காரரின் தொல்லை தாங்காமல் அவளே எழுதிய விதி. நன்றித் திருநாள் விடுமுறை எப்போதும் வியாழனில்தான் வரும். வான்கோழி வாங்கும் மும்முரத்தில் யாருக்கும் புதன்கிழமை நினைவிருக்காது. அதனால் அந்த வாரத்துக்கு முந்தைய ஞாயிறு மாலை, தன் சமையலறைச் சுவரில் தொங்கும் போனை எடுத்து, நிகழ்ச்சி நடத்தும் ஒன்பது பேரையும் அவளே கூப்பிட்டு நினைவுபடுத்துவது வழக்கம். விதியில் இல்லாத உபகாரம்.

அந்த வருடம் எட்டுப் பேரைக் கூப்பிட்டாள். ஒன்பதாவதான எல்டனின் எண்ணில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போனைக் கொக்கியில் மாட்டிவிட்டு உருளைக்கிழங்கு சீவப் போனாள்.

எல்டன் வெள்ளிக்கிழமை காலை கேசட்டோடு வந்தார், தொப்பியில் பனி.

"நேரம் போயிடுச்சுங்க," என்றாள் லோரெட்டா. "புதன் நண்பகலோட."

"போன் வரலையே."

"போன் பண்ணணும்னு விதியில இல்லைங்க."

அவர் சண்டை போடவில்லை. கேசட்டைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு மேல்முறையீட்டுப் படிவம் இருக்கிறதா என்று கேட்டார். அதையும் அவளே எடுத்துக் கொடுத்தாள்.

இரண்டு செவ்வாய் போயிற்று. ஆறரை மணிக்கு இப்போது ஒருவர் மீன் பிடிக்கத் தூண்டில் கட்டினார். லோரெட்டாவுக்கு மூச்சு வந்தது. காஸுக்குத்தான் வரவில்லை. சாப்பாட்டை முழுசாக முடிக்காமல் எழுந்து போனான். பழகுவதற்கு நாளாகும் என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

டிசம்பர் திங்கட்கிழமை, மாலை ஆறு மணி, கேபிள் குழுக் கூட்டம். கூட்டங்களை எட்டாம் சேனலில் நேரடியாகக் காட்டியாக வேண்டும், அந்த வாரத்திலேயே நான்கு தடவை திருப்பிக் காட்டவும் வேண்டும். அதனால் லோரெட்டா கேமராவின் பின்னால் நின்றாள். தலைவர் பெக்வித் ஒரு பல் வைத்தியர். பேசுகிறவர்கள் தலைவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும், ஒருவரோடொருவர் பேசக் கூடாது, மூன்று நிமிடத்தில் மணி அடிப்பார். அப்பா அம்மாவே செத்தாலும் மூன்று நிமிடம்தான்.

எல்டன் தன் மூன்று நிமிடத்தில் ஒன்றே ஒன்று கேட்டார். "எல்லாருக்கும் போன் வந்திருக்கு. எனக்கு மட்டும் ஏன் வரலை?"

பெக்வித் கேமராவைப் பார்த்தார். "லோரெட்டா, எல்லாருக்கும் பண்ணினீங்களா?"

"விதியில அப்படி..."

"அது தெரியும். பண்ணினீங்களா?"

"பண்ணினேன்," என்றாள். "அவர் வீட்டுல யாரும் எடுக்கலை."

சொன்னது சுலபமாக இருந்தது. பெக்வித் தலையை ஆட்டி எதையோ எழுதிக்கொண்டார். அடுத்து போல்காக்காரர் எழுந்து விதி கொடுமையானது என்று தன் சொந்தக் கதையை ஆரம்பித்தார். அவருக்குப் பின் இன்னும் ஆறு பேர், எல்லாருக்கும் மணி அடித்தாயிற்று. ஓட்டெடுக்கலாம் என்று பெக்வித் சொன்ன நேரத்தில் கதவு திறந்தது. கிரீஸ் படிந்த வேலை உடுப்பின் மேல் கோட்டை மாட்டிக்கொண்டு, பனியில் நடந்தே காஸ் வந்தான். மூன்று வருடமாக அந்தக் கட்டடத்தில் கால் வைக்காதவன். நேராக மைக்குக்குப் போனான்.

மைக்கில் யார் நின்றாலும் கேமரா முகத்துக்குப் போக வேண்டும். லோரெட்டா திருப்பினாள். கேமராக் கண்ணாடிக்குள் தன் புருஷன் முகம் பெரிதாக வந்தது.

"வீட்டுல டிவியில பார்த்துட்டுதான் வரேன்," என்றான். "எட்டுப் பேருக்குத்தான் அவ போன் பண்ணினா. பக்கத்து ரூம்லேர்ந்து எண்ணிக்கிட்டிருந்தேன். ஒன்பதாவது பண்ணலை."

லோரெட்டாவின் காது இரண்டும் கொதித்தன. கேமராவை விட்டு ஓடிவிடத் தோன்றியது, ஆனால் ஓடினால் படம் சாய்ந்துவிடும், கை பிடியிலேயே இருந்தது.

"அவர் நேரத்தைத் திருப்பிக் கொடுத்துடுங்க," என்றான் காஸ். "வாராவாரம் என்னை ஒரு கேள்வி கேப்பார். நான் டிவி முன்னாடி உக்காந்து பதில் சொல்லுவேன். வாய்விட்டுத்தான். ரெண்டு வாரமா யாரும் என்னை ஒண்ணும் கேக்கலை."

எல்டன் நாற்காலியில் இருந்து எழுந்தார். "நான் கடைசியா கேட்டதுக்கு நீ..."

"எல்டன், உங்க நேரம் முடிஞ்சது," என்றார் பெக்வித். "அதோட, என்னைப் பார்த்துத்தான் பேசணும்."

எல்டன் தலைவரின் பக்கம் திரும்பினார். தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். "தலைவர் அவர்களே, அவனைக் கேளுங்க. காரோட கதவைத் திறந்தப்ப எம் பொண்ணு ஏதாவது சொன்னாளான்னு கேட்டிருந்தேன். அதுக்கு என்ன பதில் சொன்னான்னு கேளுங்க."

பெக்வித்தின் கை மணியின் மேலேயே இருந்தது. "காஸ், பொண்ணு ஏதாவது சொன்னாளா?"

"டைம் என்னன்னு கேட்டா," என்றான் காஸ், தலைவரைப் பார்த்தபடியே. "வேலைக்கு லேட்டாகுதுன்னா. ஆறே கால்தான் ஆகுது, நிறைய நேரம் இருக்கும்மான்னு சொன்னேன். சரின்னா. அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்லலை. பயப்படலை."

எல்டன் உட்கார்ந்தார். தொப்பியை முழங்காலில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். காஸுக்கு மூன்று நிமிடம் தாண்டிவிட்டது. பெக்வித் மணி அடிக்கவில்லை.

ஐந்து பேரும் ஒருமித்துப் போட்ட ஓட்டில் எல்டனுக்கு நேரம் திரும்பக் கிடைத்தது. லோரெட்டாவுக்கு ஒரு கண்டனக் கடிதம். வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவள் கூட்டத்திலேயே சொல்லிப் பார்த்தாள். வேறு ஆள் இல்லை, நீங்கள் போனால் சேனலை மூட வேண்டியதுதான் என்றார் பெக்வித். சேனல் மூடினால் எல்டனின் செவ்வாய்க்கிழமையும் இல்லை. அவள் காஸின் முகத்தைப் பார்த்தாள், ராஜினாமாப் பேச்சை விட்டுவிட்டாள். அவள் பொய் சொன்ன நாடாவை இந்த வாரம் நான்கு தடவை அவளே ஓட்டியாக வேண்டும்.

வாசலில் எல்டன் நின்றிருந்தார். காஸைப் பார்க்கவில்லை. "வியாழக்கிழமை கேசட்டு கொண்டாறேன்," என்றார் அவளிடம். "இன்னும் கேக்க வேண்டியது இருக்கு."

காரை அவள்தான் ஓட்டினாள். அந்த விபத்துக்குப் பிறகு காஸ் ஓட்டுவதில்லை. தீவனக் கடை முனை வந்தது, போயிற்று.

"எல்லாத்தையும் ஒரு டிவிப் பெட்டிகிட்ட சொல்லியிருக்கே," என்றாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "மூணு வருஷமா ஒரே வீட்டுல இருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே காஸ்."

காஸ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் குரலில் கோபம் இல்லை.

"நீ கேக்கலையே, லோரி."

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். அவன் இறங்கவில்லை, காத்திருந்தான். கேட்டாக வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தாள். மூன்று வருடமாகப் பனியையும் சாப்பாட்டையும் பற்றியே அவனோடு பேசிப் பழகிய வாயிலிருந்து கேள்வி ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காஸ் கதவைத் திறந்துகொண்டு கொட்டகைக்குப் போனான்.