ஹெட்லி வீட்டு வாரிசு

ஒரு கன்னம் மழித்தாகிவிட்டது. மறு கன்னத்தில் நுரை தடவிக்கொண்டிருந்தாள் மொரீன். கட்டிலில் சாய்ந்திருந்த அவள் அப்பா வில்ஃப் ஹெட்லி, டிவியில் தங்க வண்டியிலிருந்து கையாட்டிப் போன ராஜ குடும்பத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். இன்றோ நாளையோ என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். ஆனாலும் வாய் மட்டும் ஓயவில்லை.

"மூஞ்சியப் பாரு. அப்பன் ராஜான்னா மகனும் ராஜாவாம்! பல் டாக்டர் மகன்னு சொல்லிக்கிட்டு எவனாவது குறடோட வந்தா நீ வாயத் தொறப்பியா?"

"ஆடாதீங்கப்பா, கத்தி பட்டுடும்."

"நாடாளுமன்றம் உக்காந்து நல்ல ஆளா ஒருத்தர நியமிக்கட்டும். அஞ்சு வருஷம். சரியில்லையா, வீட்டுக்கு அனுப்பு. இவனுங்கள எப்படி அனுப்புவே? செத்தாத்தான் எடம் காலியாகும். அப்பவும் பின்னாடியே ஒண்ணு நிக்கும், நேத்து வரைக்கும் குதிர மேல ஏறிப் பந்தடிச்சது."

பிறந்ததிலிருந்து கேட்ட பிரசங்கம்தான். அவள் சிறுமியாக இருந்தபோது, ஊர் மண்டபத்தில் ராஜ வாழ்த்துக்கு எல்லோரும் எழுந்து நிற்க, அவர் மட்டும் மகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தத் திமிருக்காகவே அவரை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

சுரங்கம் மூடிய பிறகு அந்த ஊருக்கு மிஞ்சிய ஒரே பெருமை, வெங்காய இனத்து லீக்ஸை யார் பெரிதாக வளர்த்தார்கள் என்று பார்க்கும் செப்டம்பர் மாதப் போட்டி. அதை நடத்தும் சங்கத்துக்கு வில்ஃப்தான் தலைவர். அவர் படுத்ததிலிருந்து நடுவரைக் கூப்பிடுவது, மேசை போடுவது, பொறாமைக்காரன் எவனும் ராத்திரியில் செடியைக் கீறிவிடாமல் காவலுக்கு ஆள் போடுவது எல்லாமே மொரீன் தலையில். தம்பி கார்லுக்கோ லீக்ஸ் சூப்பில் மிதந்தால்தான் அடையாளம் தெரியும்.

"சங்கத்துக் கொட்டகைச் சாவிய கார்ல்கிட்ட குடுத்துடு. இனிமே அவன்தான் தலைவர். ஆளுங்ககிட்டச் சொல்லிட்டேன்," என்றார் அப்பா.

கத்தி கன்னத்திலேயே நின்றது. "கார்லா? அந்தத் தண்டத்துக்கு என்னப்பா தெரியும்?"

"ஹெட்லி பேரு நிக்க வேணாமா?"

"நானும் ஹெட்லிதானே? சரி, அப்ப இவனுங்கள மட்டும் எதுக்குத் திட்டுறீங்க?"

"அது வேற விஷயம்," என்றார், கொஞ்சம்கூடக் கூசாமல்.

சீ என்று போயிற்று அவளுக்கு. மிச்ச முகத்தை மழித்தாள். மதியம் சூப்பைக் கொண்டுவந்தபோது மூச்சு நின்றிருந்தது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்ததில் அவளால் இரண்டையுமே ஒழுங்காகச் செய்ய முடியவில்லை.

அடக்கம் முடிந்து சங்க மண்டபத்தில் டீயும் ஹாம் சாண்ட்விச்சும் சுற்றி வந்தன. பேச்சே எடுக்காமல், ஓட்டே கேட்காமல், கார்ல் அப்பாவின் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். கையில் பியர்.

"நம்ம புதுத் தலைவருக்காக!" என்று எவனோ கத்தினான். ராஜாவைத் திட்டியே வயசான அத்தனை பேரும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள்.

"எந்திரி மொரீன், எல்லாரும் பாக்குறாங்க," என்று கிசுகிசுத்தார் பக்கத்தில் நின்ற நார்மன், அப்பாவின் பழைய கூட்டாளி.

"எங்கப்பா எனக்கு எந்திரிக்கக் கத்துக் குடுக்கல."

"அக்கா, கொட்டகைச் சாவி?" என்று கை நீட்டினான் கார்ல்.

"கூட்டம் போட்டு ஆள நியமிங்க. அந்த ஆளுகிட்டத் தரேன்."

கறுப்புக் கோட்டுப் பைக்குள் சாவியை இறுக்கிப் பிடித்தபடி மொரீன் டீயைக் குடித்தாள். பக்கத்தில் நாற்காலி கிரீச்சிட்டது. நார்மன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மெல்ல உட்கார்ந்தார்.