காரணம் கேட்கும் பட்டியல்

ஏழாம் மாதத்தில் என் மகள் இறந்தே பிறந்தாள். மூன்று மாதம் கழித்து, தொட்டில் விற்ற நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது: "வாழ்த்துகள் வீப்கே! உங்கள் குட்டிப் பாப்பாவுக்கு இன்று ஒரு மாதம்!" தொட்டில் வாங்கும்போது, டாக்டர் குறித்த பிரசவத் தேதியைக் கேட்டிருந்தார்கள். நானும் சந்தோஷமாகக் கொடுத்திருந்தேன்.

'இனி அனுப்ப வேண்டாம்' என்ற பொத்தானை அழுத்தினேன். ஒரு பட்டியல் திறந்தது. காரணம் என்ன? அஞ்சல்கள் அதிகம். பொருள்கள் பிடிக்கவில்லை. வேறு கடைக்குப் போகிறேன். மூன்றில் ஒன்றைத் தொட்டால்தான் விடுவார்களாம். நான் தொடவில்லை; இனி அனுப்ப வேண்டாம் என்று நிறுவனத்துக்குத் தபாலில் கடிதம் போட்டேன். மறுவாரம், 'முதல் சிரிப்பைப் படமெடுக்க ஐந்து வழிகள்' வந்தது.

"ஏதாவது ஒண்ணைத் தட்டிட்டுப் போயேன்," என்றான் என் கணவன் ஓனோ. "இல்லன்னா வர்றப்பவே குப்பைக்குப் போற மாதிரி பண்ணித் தரேன்."

"அவன் என் வாசல்ல குப்பை கொட்டுவான், நான் தொட்டி வாங்கி வைக்கணுமா?"

எங்கள் ஊரான ஓல்டன்பூர்க்கின் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டேன். வக்கீல் வைக்கவில்லை, கோபமே போதும் என்றிருந்தது. நான் கேட்டது ஒன்றுதான்: இனி அனுப்பமாட்டோம் என்று ஒரு கையெழுத்து.

"இவங்க படிவத்தையே முடிக்கலையே மேடம்," என்றார் நிறுவனத்தின் வக்கீல் கெஸ்ஸெனிக், நீதிபதியைப் பார்த்து. "ரெண்டு விநாடி வேலை."

"என் காரணம் அதுல இல்லைங்க," என்றேன். "பிள்ளை செத்துப்போச்சு. அது எத்தனாவது வரி?"

அவர் காகிதங்களைப் புரட்டினார். நல்லெண்ணமாக ஒரு கூப்பன் தருவதாகச் சொன்னார்.

"எதுக்கு? டயப்பர் வாங்கவா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "சரிங்க, நாலாவதா ஒரு வரி சேர்த்துடறோம். 'துயரச் சம்பவம்'னு. உங்களை மாதிரி இருக்கறவங்களுக்கு உதவியா இருக்கும்."

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால், பிள்ளையை இழந்தவள் எல்லாம் அந்த வரியைத் தேடித் தொட்டுவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டுமாம்.

"நாலாவது வேண்டாம். இருக்கற மூணையும் எடுங்க. வேண்டாம்னா வேண்டாம். ஏன்னு கேக்க நீங்க யாரு?"

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "காரணம் சொல்லணும்னு சட்டத்துல எங்கயும் இல்லை வக்கீல் சார். கையெழுத்துப் போடறீங்களா, நான் தீர்ப்பு எழுதட்டுமா?"

போட்டார்.

வெளியே வந்ததும் ஓனோ என் கையைப் பிடித்துக்கொண்டான். "இப்போ நிம்மதியா?"

"என்ன நிம்மதி? அவ செத்துட்டா ஓனோ. இனிமே அவ வயசை எவனும் எனக்குச் சொல்லமாட்டான், அவ்வளவுதான்."