நாற்பத்தொரு பேருக்கும் ஒரு குறையுமில்லை

நாற்பத்தொரு பேர் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போயிருந்தார்கள். நாற்பத்தொரு பேருக்கும் ஒரு குறையும் இல்லையாம். அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

நூலகத்தின் மாடி அறையில் அந்த நேர்காணல்கள் நடந்தன. நகரமன்றத் தலைவி, உள்ளூர் வானொலியின் இயக்குநர், வணிகர் சங்கத் தலைவரான பெயிண்ட் கடைக்காரர் என மூன்று பேருக்கும் ஆளுக்கொரு மேசை. ஊர்மக்கள் ஒவ்வொருவராக வந்து எதிரில் உட்கார, பத்து நிமிடம் கேள்வி கேட்பார்கள். அவள் வேலை அதை ஒலிப்பதிவு செய்வதும், பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு சொல்லுக்குச் சொல் தட்டச்சு செய்வதும்.

தெருவிளக்கு, சாக்கடை எல்லாம் கேட்டாலும் முக்கியமான கேள்வி ஒன்றுதான். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒன்பதாம் எண் பேருந்தை நிறுத்தலாமா? வெள்ளிக்கிழமை மன்றம் கூடி முடிவு செய்யும். யாருக்கும் கஷ்டமில்லை என்று இந்தப் பக்கங்கள் சொன்னால் பேருந்து நின்றுவிடும்.

அவள் அந்தப் பேருந்தில் ஏழு மாதம், வாரத்துக்கு மூன்று நாள், கணவனை அழைத்துக்கொண்டு போய்வந்தவள். அவன் போய்ப் பத்து வாரம் ஆகிறது. அதற்குப் பிறகு அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. காபி சூடாக இருந்ததா, ஆறிப்போயிருந்ததா என்பதைக் குடித்து முடித்துத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. பேருந்தை நிறுத்தப்போகிறார்கள் என்று கேட்டபோதும் கோபம் வரவில்லை. ஆனால் அந்தப் பேருந்தில் பார்த்த முகங்களில் ஏழெட்டு இங்கே வந்து உட்கார்ந்தன. முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்த ஒருவர்கூட, "பரவாயில்லீங்க, ஒண்ணும் பிரச்சினையில்ல" என்றுதான் சொன்னார். படிக்கட்டில் இறங்கும்போது அதே ஆள் பக்கத்தில் வந்தவரிடம் புலம்பித் தள்ளினார்.

"நம்மளப் பாத்துப் பயப்படறாங்களோ?" என்றார் வானொலி இயக்குநர்.

"என்னப் பாத்து யாரு பயப்படப் போறா?" என்றாள் தலைவி. "இவரு கடைக்குள்ள நுழைஞ்சா ரெண்டு டப்பா பெயிண்ட் வாங்காம வெளிய வர முடியாது. அந்தப் பயமாத்தான் இருக்கும்."

"வீட்டுக்கு வெள்ளையடிச்சு எத்தன வருஷமாச்சு மேடம்?" என்று கேட்டார் பெயிண்ட் கடைக்காரர். "அதையும் ஒரு கேள்வியா சேத்துக்கலாம்."

அவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். நாற்காலிகளை நெருக்கிப் போட்டாள். மைக்கைக் காகிதக் கட்டுக்குப் பின்னால் மறைத்தாள். மூவரையும் மேசை மாற்றி உட்கார வைத்தாள். வந்தவர்கள் எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை.

கடைசி நாள் நேர்காணல்கள் புதன்கிழமை மதியம். அன்று காலை தட்டச்சு செய்த தாள்களை மூடிவைத்துவிட்டு, ஒலியைக் கணினித் திரையில் விரித்துப் பார்த்தாள். திரையில் பேச்சு மேடுமேடாகத் தெரியும். பேசாத நேரம் வெறும் கோடு. மேலே விநாடிகள் அளவுகோல் மாதிரி ஓடும். தாளில் இது எதுவும் தெரியாது. தாளில் ஒரு வரி முடிந்தால் அடுத்த வரி வந்துவிடும்; நடுவில் எவ்வளவு நேரம் போனது என்பதற்கு அங்கே இடமே இல்லை.

எந்த நேர்காணலைத் திறந்தாலும் ஒரே வடிவம்தான் இருந்தது. கேள்வி ஒரு பெரிய மேடு. "பரவாயில்லீங்க" ஒரு சின்ன மேடு. பிறகு கோடு, ஒரு விநாடிகூடத் தேறாது. உடனே அடுத்த கேள்வி.

இருபத்தேழாவதில் மட்டும் கோடு நீளமாக இருந்தது. பதினொரு விநாடி. போட்டுக் கேட்டாள். எதிரில் ஓய்வுபெற்ற காவலாளி ஒருவர். "பரவாயில்லீங்க" என்கிறார். அந்நேரம் பெயிண்ட் கடைக்காரரின் போன் பைக்குள் மெல்ல அதிர்கிறது. அவர் ஒவ்வொரு பையாகத் துழாவி அதை அணைக்கிறார். அமைதி. பிறகு காவலாளியின் குரல்: "பஸ் நின்னுட்டா, என் வீட்டுக்காரிய எப்படி அக்கரைக்கு..." கடைக்காரர் குறுக்கே வந்து, "சரி சரி, தெருவிளக்கு எப்படி எரியுது?" என்கிறார். "பரவாயில்லீங்க."

இதை அவளே தட்டச்சு செய்திருந்தாள். 'முடிக்கவில்லை' என்று குறிப்பும் போட்டிருந்தாள். விரல் அடித்தது, மனம் கேட்கவில்லை.

இவர்கள் ஏன் இடைவெளியே விடுவதில்லை என்ற காரணம் அப்புறம் தானாக விளங்கியது. வானொலியில் ஐந்து விநாடி சத்தம் நின்றால் கட்டுப்பாட்டு அறையில் சிவப்பு விளக்கு எரியும். முப்பது வருடமாக அந்த விளக்குக்குப் பயந்து பேசியவர் இயக்குநர். மன்றத்தில் ஆட்சேபணை உண்டா என்று கேட்டு யாரும் பேசாவிட்டால் தீர்மானம் நிறைவேறியதாகப் பொருள். தலைவிக்கு மௌனம் என்றால் சம்மதம். கடையில் வாடிக்கையாளர் பேச்சை நிறுத்தினால் அடுத்த கடைக்குப் போக யோசிக்கிறார் என்று அர்த்தம். பெயிண்ட் கடைக்காரர் விடுவாரா? மூன்று தொழிலிலும் தேர்ந்தவர்கள். அதனாலேயே மூன்று பேராலும் சும்மா இருக்க முடியவில்லை.

மதியம் சீக்கிரமே வந்தவர்களிடம் திரையைக் காட்டினாள். "கேள்வி கேட்டதும் பத்து விநாடி பேசாம இருங்க. அவ்வளவுதான்."

"இதென்ன பெரிய வித்தை?" என்றார் பெயிண்ட் கடைக்காரர். ஒருவரை ஒருவர் கேட்டுப் பழகிப் பார்த்தார்கள். அவர் நாலு விநாடி தாக்குப்பிடித்தார். இயக்குநர் மூன்றாவது விநாடியில், "அதாவது நான் என்ன கேக்க வர்றேன்னா" என்று ஆரம்பித்துவிட்டார். தலைவி இரண்டுதான்.

"வாய்ல பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டாத்தான் உண்டு," என்றார் இயக்குநர்.

அவள் யோசித்தாள். சொன்னால் புரிகிறது, ஆனால் வாய் கேட்கவில்லை. வாய்க்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். குடத்திலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி இயக்குநர் முன்னால் வைத்தாள். "கேட்டு முடிச்சதும் ஒரு வாய் எடுத்துக்குங்க சார். முழுங்கிடாதீங்க. என்கிட்ட கேட்டுப் பாருங்க." பழக்கதோஷத்தில் பதிவுக் கருவியையும் முடுக்கினாள்.

"ஒன்பதாம் நம்பர் பஸ்ஸ நிறுத்தினா உங்களுக்குக் கஷ்டமாம்மா?" என்று கேட்டுவிட்டு அவர் தண்ணீரை வாயில் வாங்கிக்கொண்டார்.

"பரவாயில்ல," என்றாள்.

அவர் கன்னம் உப்பியபடி இருந்தது. சுவரில் மின்விசிறி திரும்பி வந்தது. அவள் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். எட்டு என்று எண்ணும்போது வாய் தானாகத் திறந்தது.

"அவருக்கு ஜன்னல் சீட்டுதான் வேணும். கடைசி மாசம் நிமுந்து உக்கார முடியல, என் மேல சாஞ்சுக்குவாரு. எங்க வாசல்ல ஸ்டாப் கெடையாது. ஆனா டிரைவர் அங்க நிறுத்துவாரு. எண்பத்தேழு தடவ போனோம். கடைசி தடவ நான் மட்டும் திரும்பி வந்தேன். டிரைவர் எதுவும் கேக்கல. வாசல்ல நிறுத்தினாரு."

அழுகை வரவில்லை. யாரோ எழுதியதைப் படிப்பது போலத்தான் சொன்னாள். இன்னும் சொன்னாள்: எந்த இருக்கையில் யார் உட்காருவார்கள், யாருக்கு எந்தச் சிகிச்சை, திரும்பும்போது யார் வாந்தி எடுப்பார்கள். இயக்குநர் தண்ணீரை விழுங்கினார். அதன் பிறகும் மூவரில் யாரும் பேசவில்லை.

"நாற்பத்திரண்டாவதா போட்டுக்கலாமாம்மா?" என்று கேட்டாள் தலைவி. கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

"போட்டுக்குங்க மேடம்."

அன்று மதியம் பதினாறு பேர் வந்தார்கள். காவலாளியை போன் செய்து வரவழைத்திருந்தார்கள். பதின்மூன்று பேர் பேருந்தைப் பற்றிப் பேசினார்கள். வெள்ளிக்கிழமை அந்தப் பக்கங்களை வாசித்த பிறகு மன்றம் பேருந்தை நிறுத்துவதில்லை என்று முடிவு செய்தது. நேர்காணல்களை அடுத்த மாதமும் தொடர்வது என்றும் முடிவானது.

திங்கட்கிழமை அவள் ஒரு குறிப்பைத் தட்டச்சு செய்து மூன்று பிரதி எடுத்து, மேசைக்கு ஒன்றாக ஒட்டினாள்.

கேள்வியைக் கேளுங்கள். உடனே ஒரு வாய் தண்ணீர் எடுத்து வாயிலேயே வைத்திருங்கள். எதிரில் இருப்பவர் பதில் சொல்லி நிறுத்திவிட்டு, மறுபடி தானாகப் பேசத் தொடங்கிய பிறகே விழுங்குங்கள்.