அஹ்ஸனின் மெயிலுக்கு இரண்டாவது பூட்டு

என்னை நானே மெச்சிக்கொள்ளக் கூடாதென்று உம்மா சொல்லுவா. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் உம்மாவின் பேச்சைக் கேட்பதாக இல்லை.

கத்தாரில் வேலை செய்கிற என் கணவர் அஹ்ஸனின் மெயிலுக்கு இரண்டாவது பூட்டுப் போட்டவள் நான். பாஸ்வேர்டை அடித்தால் மட்டும் திறக்காது. போனுக்கு ஒரு கோட் வரும், அதையும் கொடுக்க வேண்டும். அவருடைய இலங்கை சிம் இங்கே ஊரில், சாய்ந்தமருதில், என்னிடம்தான் இருக்கிறது. ஆகவே கோட் என் கைக்கு வரும்.

"என்ட மெயிலுக்க என்ன புள்ள கிடக்கு? ஆரு களவெடுக்கப் போறான்?" என்று மூக்கால் அழுதார்.

"பாஸ்போட் கொப்பி கிடக்கு, சேட்டிபிக்கட் கிடக்கு. புது வேலைக் கடிதமும் அதுக்குத்தானே வரப்போகுது" என்றேன். மகளின் பெயரையே பாஸ்வேர்டாக வைத்திருக்கிற மனிசனுக்கு வேறென்ன சொல்வது?

கடிதம் வந்தது. நல்ல கம்பனி. வருஷத்தில் இரண்டு தரம் ஊருக்கு வரலாம். வியாழக்கிழமைக்குள் சம்மதம் என்று பதில் போட வேண்டும். டியூட்டி முடிந்ததும் அனுப்புகிறேன் என்றிருந்தார்.

அந்த வியாழன் நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது கோட் வந்தது. பின்னாலேயே தெரியாத நம்பரிலிருந்து கோல்.

"நான்தான், அஹ்ஸன். போன் உடைஞ்சு போச்சு, கூட்டாளிட போன்ல கதைக்கிறன். அந்தக் கோடச் சொல்லு, கெதியா."

கரகரத்த குரல், இரைச்சல் வேறு. அவர் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. கொடுக்காமல் விட்டு, அது அவராகவே இருந்துவிட்டால் வேலை கைவிட்டுப் போய்விடும். வாய்க்கு வந்தபடி வீட்டுச் சாவியைப் பற்றிக் கேட்டேன்.

"நம்மட ஊட்டுத் திறப்ப எங்க வைக்கிற, சொல்லுங்க பாப்பம்."

"என்ன விசர்க் கதை இது? என்ட ஊட்டுத் திறப்ப என்னட்டயே கேக்கிறியா?"

போனை வைத்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்தோடு வீடு பெண்ணுக்கு வந்துவிடும். மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார். இது என் வாப்பா கட்டித் தந்த வீடு. கூரை ஒழுகினாலும் சரி, திறப்பைக் காணாவிட்டாலும் சரி, அஹ்ஸனிடம் ஒரே பதில்தான்: "அது உங்கட ஊடு, எனக்கென்ன தெரியும்?" கல்யாணம் முடித்த நாளிலிருந்து இதற்காக அவரோடு சண்டை பிடிக்கிறேன். 'என்ட ஊடு' என்று சொல்ல அந்த மனிசனுக்கு வாய் வந்ததே இல்லை.

ஆனாலும் பயம் விடவில்லை. கோபத்தில் வாய் தவறியிருந்தால்? அவருடைய நம்பருக்கு அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. மீன் சட்டியில் கிடந்தபடியே கிடந்தது. புருசன்ட வேலையைக் கெடுத்தவள் என்று காலத்துக்கும் பேர் வருமே என்று அஸர் தொழுதுவிட்டு அழுதேன்.

பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லி முடிய, அவருடைய சொந்த நம்பரே அடித்தது.

"இப்பதான் டியூட்டி முடிஞ்சது புள்ள. ஏன் இத்தின கோல்?"

"உங்கட போன் உடைஞ்சதா?"

"என்ட கையிலதானே கிடக்கு!"

நடந்ததைச் சொன்னேன். பாஸ்வேர்டை அப்போதே மாற்ற வைத்தேன். கம்பனிக்குப் பதில் போய்ச் சேரும் வரைக்கும் அவரைப் போனை வைக்க விடவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ். எப்பிடியாப்பட்ட ஆளக் கட்டியிருக்கன்! கூட்டாளிமாருக்கெல்லாம் சொல்லப்போறன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு கேட்டார்: "அது நான் இல்ல எண்டு எப்பிடிப் புடிச்ச?"

"என்ட ஊடு எண்டான்."

பெரிதாகச் சிரித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப இனி நான் அப்பிடிச் சொல்லவே ஏலாதா புள்ள? வருசத்தில ரெண்டு தரம் வரப்போறனே, சொல்லிப் பாப்பம் எண்டு நினைச்சன்."



"சொல்லுங்க" என்றேன். "நான் கேள்விய மாத்திக்கிறன்."