ஏற்கெனவே எடுத்தாயிற்று

கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் இஸ்திரிக்காரிக்கு முதலில் ஏமாற்றம்தான் ஏற்பட்டது. ஆறு வருடங்களாக அவள் மனத்துக்குள் வளர்த்துவந்த சக்களத்தி சின்ன வயதுக்காரி, சிவப்பு, எதற்கெடுத்தாலும் சிரிப்பவள். இங்கே நின்றவளுக்கோ கண்ணுக்குக் கீழே கருவளையம், ஜாக்கெட்டில் தையற்கடை நூல் பிசிறு. இவளுக்காகவா புருஷன் தன்னை விட்டுவிட்டுப் போனான்? பொறாமை குறையவில்லை, கூடியது. அழகிடம் தோற்றிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

"நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியுது. உள்ள வாங்க."

ஒரே அறை. கதவுக்குப் பின்னால் லாரி டிரைவரான அவனுடைய சட்டை தொங்கியது. காலரில் இரட்டை மடிப்பு. பதினான்கு வருடம் சலவைக் கடையில் துணி தேய்த்தவளின் கண்ணுக்கு அதுதான் முதலில் பட்டது. தேய்க்கக்கூடத் தெரியவில்லை என்று ஓர் அற்ப சந்தோஷம். ஆனாலும் அந்தச் சட்டையைத் தொடுகிறவள் அவள்தானே என்று மறுநொடியே வயிறு எரிந்தது.

அந்த வயிற்றுக்காகத்தான் அவள் வந்திருந்தாள். கர்ப்பப்பையில் கட்டி, இந்த மாதத்துக்குள் எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆஸ்பத்திரியில் சேரலாம். அட்டையோ டிரைவரோடு போய்விட்டது. இவளிடம் இருந்தது நகல் மட்டும். காப்பீட்டு அலுவலகத்துக்கு முதல் முறை போனபோது அசலைக் கேட்டார்கள். இரண்டாம் முறை விலாசத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். மூன்றாம் முறையாக இன்று காலையில் போனபோது, ஜன்னலுக்குள் இருந்த குமாஸ்தா கணினியைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்களுக்குப் போன வருஷமே கர்ப்பப்பை எடுத்தாச்சேம்மா. எடுத்ததையே திரும்ப எடுக்க எப்படி அனுமதி தர்றது?"

அது உள்ளேதான் இருக்கிறது, வலிக்கிறது என்று இவள் சொல்லிப்பார்த்தாள். அப்படியானால் யாருக்கு எடுத்தார்களோ அவரே வந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார் அவர். கெட்ட மனிதர் இல்லை. எதிரே நிற்கிற பெண்ணைவிடத் திரையில் இருக்கிற எழுத்தை நம்பிப் பழகியவர், அவ்வளவுதான். அட்டையில் குடும்பத் தலைவர் படம் மட்டுமே இருக்கும். மனைவிக்கு வெறும் பெயர். அந்தப் பெயரில் யார் போய்ப் படுத்திருப்பார்கள் என்று கண்டுபிடிக்க இவளுக்கு வெகுநேரம் ஆகவில்லை.

"என் புருஷனை எடுத்துக்கிட்ட. ஆஸ்பத்திரிக் கட்டிலையுமா?"

தையற்காரி மறுக்கவில்லை. மாதக்கணக்கில் உதிரம் போயிருக்கிறது. தனக்கென்று அட்டை கேட்டபோது கல்யாணச் சான்றிதழ் கொண்டுவரச் சொன்னார்கள். இல்லாததற்கு அவள் எங்கே போவாள்? அட்டையில் உன் படம் எதற்கு, அவள் பேரைக் கூப்பிட்டால் தலையை ஆட்டு என்று டிரைவர்தான் கூட்டிப்போயிருக்கிறான்.

"நர்ஸம்மா உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. நானும் 'ம்'முன்னு சொல்லுவேன். அந்த நாலு நாள்தான் நான் அவருக்குப் பொண்டாட்டியா இருந்தேன்." தலையைக் குனிந்துகொண்டாள். "உங்க பேரைப் பார்த்து நான் எத்தனை நாள் பொறாமைப்பட்டிருக்கேன் தெரியுமா?"

கரித்துக்கொட்டலாம் என்று வந்தவள் இஸ்திரிக்காரி. தன்னைப் பார்த்துக்கூட ஒருத்தி பொறாமைப்படுவாள் என்று அவள் நினைத்ததே இல்லை. வெட்கமாக இருந்தது, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. சும்மா நின்றுகொண்டிருக்க முடியாமல், எழுந்து நடக்க எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டாள்.

"பதினஞ்சு நாள். கனமா எதையும் தூக்கக் கூடாது."

"இஸ்திரிப் பெட்டி?"

"தொடவே கூடாது."

மறுநாள் இருவரும் அலுவலகத்துக்குப் போனார்கள். எழுதிக் கொடுத்தால் வழக்குகூட வரலாம் என்று குமாஸ்தா எச்சரித்தார். தையற்காரி பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"பேர் அவங்களோடது, தழும்பு என்னோடது. அப்படியே எழுதுறேன்."

நடந்ததை எழுதி, கீழே தன் சொந்தப் பெயரைப் போட்டாள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அதைப் பார்த்தும் இஸ்திரிக்காரிக்குப் பொறாமைதான்.

குமாஸ்தா வரி வரியாகப் படித்தார். எல்லாம் சரி, ஆனால் அட்டையை யாரோ தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று புகார் கொடுக்கக் குடும்பத் தலைவரின் கையெழுத்து வேண்டும் என்றார்.

"தப்பாப் பயன்படுத்தினவரே அவருதாங்க," என்றாள் தையற்காரி.

"விதி அப்படித்தாம்மா."

இஸ்திரிக்காரி படிவத்தை இழுத்து, குடும்பத் தலைவர் என்று அச்சடித்திருந்த இடத்தில் தன் பெயரைக் கோணல்மாணலாக எழுதி உள்ளே தள்ளினாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. குமாஸ்தா பெருமூச்சு விட்டார். முத்திரை குத்தி, ஓரத்தில் ஏதோ எழுதித் திருப்பிக் கொடுத்தார். "அடுத்த ஆள் வாங்க," என்றார்.

இரண்டு பெண்களும் ஒதுங்கி நின்று படித்தார்கள். 'குடும்பத் தலைவர் நேரில் வரவும்.'

இஸ்திரிக்காரி அடிவயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனாள். தையற்காரியும் அவளுக்குப் பின்னால் போய் நின்றாள். முறை வந்ததும் இஸ்திரிக்காரி படிவத்தை மறுபடி ஜன்னலுக்குள் நீட்டினாள்.

"வந்திருக்கேன்," என்றாள்.