ஆயில் ஒழுகுதுங்க மாப்ள

நீங்களே சொல்லுங்க, ஒரு மனுஷன் உங்க வீட்டுக்கு வரமாட்டேன்னு வாயால சொல்லாம மூணு வருஷமா வண்டி மேலயே பழிபோட்டா அவரை என்னன்னு கூப்பிடுவீங்க? நான் மாமான்னு கூப்பிடுறேன், பொண்டாட்டியோட அப்பா, வேற வழி... இதோ அவரு காருக்கு அடியிலதான் சாக்கை விரிச்சு மல்லாக்கக் கிடக்கேன், கண்ணுக்கு நேரா இன்ஜினோட அடிவயிறு, கருப்பா, பிசுபிசுன்னு, சொட்டு ஒண்ணு தொங்குது, விழுவேனா மாட்டேனான்னு. நாளைக்கு விடியக்காலம் கிளம்புனாத்தான் நாளன்னைக்கு சாயல்குடியில எங்கம்மா புதுவீட்டுப் பால்காய்ப்புக்குப் போய்ச் சேர முடியும். அம்மா தெரு பூரா சொல்லி வச்சிருக்கு, எங்க சம்பந்தி கார்ல வாராக, கோயம்புத்தூர்லருந்து வாராகன்னு. சம்பந்தி இங்க தொண்டாமுத்தூர் தோட்டத்துல நாற்காலி போட்டு உக்காந்து போன்ல தேங்காய் விலை பாத்துக்கிட்டு இருக்காரு. ஆயில் ஒழுகுதுங்க மாப்ள, அவ்வளவு தூரம் எப்படிங்க போறதுங்கறாரு. அந்த மரியாதை இருக்கே, அதைக் கேட்டா எனக்குக் குமட்டுது. எங்க ஊர்ல பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா வாடா போடான்னு கத்துவானுக, மறுநாள் டீக்கடையில சேந்து உக்காருவானுக. இங்க காப்பி குடுத்துக்கிட்டே கதவைச் சாத்துறாங்க.

முதல் வருஷம் கிளட்ச். அடுத்த வருஷம் ஏசி, பிள்ளைக தாங்காதுங்கன்னாரு, எந்தப் பிள்ளைன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, இந்த வீட்ல சின்னப் பிள்ளையே கிடையாது. இப்ப ஆயில். போன வாரம் தாராபுரத்துல அவுங்க பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு இதே வண்டிதான் போச்சு, குடும்பம் பூராவும் ஏறி, சீர்த்தட்டு டிக்கியில அடுக்கி. அங்க ஒழுகலையா? அமராவதி ஆத்தைத் தாண்டும்போது வண்டிக்கே வெக்கமாயி அடக்கிக்கிச்சா? எங்கம்மா கையால ஒரு செம்புத் தண்ணி இவரு குடிச்சதில்ல, குடிச்சா என்ன ஒட்டிக்குமோ... சரி, சாக்கு ஆயிலா, அந்த ஆயிலையே இல்லாமப் பண்ணிருவோம்னுதான் காலையிலேயே கைலியை மடிச்சுக் கட்டிட்டு இறங்கினேன். மச்சினன் மிதுன் பக்கத்துல நின்னு போன்ல வீடியோ பாத்துச் சொன்னான், இன்ஜினையே இறக்கணுமுங்க மாமா. தம்பி, நீ முதல்ல அந்த வீடியோவை இறக்குன்னேன்.

அடியில பாத்தா எல்லாமே நனைஞ்சுதான் இருக்கும், எங்கருந்து வருதுன்னு தெரியாது. மண்ணெண்ணெய்த் துணியால மொத்தத்தையும் துடைச்சு, என் பொண்டாட்டி பிரியாவோட முகப்பவுடரை ஊதிவிட்டு இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். வெள்ளைப் பவுடர் மேல கருப்பு எங்க கோடு போடுதோ அங்கதான் ஓட்டை. ஏனுங்க, அது புது டப்பாங்கன்னு அவ கத்துனா. கோடு கீழ இல்ல. ஆயில் வடிக்கிற அடி நட்டு காஞ்சிருக்கு, ஆயில் பில்டர் காஞ்சிருக்கு. கோடு மேலருந்து வழியுது, ஆயில் ஊத்துற மூடிகிட்டருந்து. அளவு பாக்குற குச்சியை உருவுனேன், மேல்கோட்டுக்கும் மேல ரெண்டு விரக்கடை ஆயில் நிக்கிது. ஒழுகுற வண்டியில ஆயில் எப்படிய்யா கூடும்? அப்பத்தான் ஒவ்வொருத்தரா வாயைத் திறந்தாங்க. மாமியார் தெய்வாத்தாள் என் மூஞ்சியைப் பாத்துப் பேசாது, மகளைப் பாத்துத்தான் பேசும். கண்ணு, காத்தால வாசல் தெளிக்கறப்ப கீழ சொட்டிக் கெடக்கும், வண்டி காஞ்சு போயிருமேன்னு ஒரு டம்ளரு ஊத்தீருவனுங்கன்னு மாப்ளைகிட்டச் சொல்லு, அப்பாகிட்டச் சொல்லிப்போடாதீங்கன்னும் சொல்லு, வண்டியக் கொறை சொன்னா அவருக்கு மொகம் சுண்டீரும். மிதுன் தன் பங்குக்கு, நானும் அப்பப்ப ஊத்திப்போடுவேனுங்க, அம்மா ஊத்தறது தெரியாதுங்களேன்னான். பிரியாகூட, ஒரே ஒருக்காத்தானுங்க, எப்படியாச்சும் உங்க ஊருக்குப் போயிரோணும்னு... அவளை மட்டும் திட்ட வரல.

எவ்வளவு கேவலமான வீடு பாருங்க, ஒழுகுதுன்னு ஊத்துறாங்க, ஊத்துறதால ஒழுகுது, ஒருத்தர் மனசு நோகுமேன்னு இன்னொருத்தர் கேக்கல, மரியாதையிலேயே இன்ஜினை மூச்சுத்திணற வச்சிருக்காங்க. மத்தியானம் காந்திபுரம் போய் மூடிக்கு ரப்பர் வளையம் வாங்கிட்டு வந்தேன். பழசு அப்பளம் மாதிரி நொறுங்குச்சு. புதுசை மாட்டியாச்சு. இப்ப அடி நட்டைத் தளத்தி, அதிகமா நின்ன ஆயிலை வாளியில வடிச்சு, நட்டை இறுக்குறேன்... தொங்குன அந்தச் சொட்டையும் துடைச்சேன். வெளியில வந்து குச்சியைக் காமிச்சேன். பாருங்க மாமா, சரியான அளவு. அடடே, அப்படிங்களா மாப்ள, கெட்டிக்காரருங்க நீங்கன்னு சிரிச்சாரு. ஜெயிச்சுட்டேன்னு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கிட்டு இருக்கும்போதுதான் கண்ணு அந்த மூலைக்குப் போச்சு, ஆயில் கேன். இத்தனை பேரு இத்தனை நாளா ஊத்தியும் அது ஏன் தீரவே இல்ல? மாமியார் கடைக்குப் போகாது. மிதுன் வாங்கல, கேட்டுட்டேன். மிச்சம் மாமாதான், நாப்பது வருஷமா தோட்டத்துல டீசல் இன்ஜின் வச்சுத் தண்ணி பாய்ச்சுன ஆளு, சத்தத்தை வச்சே அதுல ஆயில் கூடவா குறைவான்னு சொல்ற ஆளு... குச்சியைக் காமிச்சப்ப அவரு குச்சியையே பாக்கலையே, என்னைத்தானே பாத்தாரு? ஒருவேளை அவருக்கும் நிஜமாவே தெரியாதோ. கேட்டுறலாம், இப்பவே, நேரா. மாமா, எங்க வீட்டுக்கு வருவீங்களா மாட்டீங்களா, ஒரே வார்த்தை. மூணு வருஷத்துல ஒருநாள்கூட நான் அதைக் கேட்டதில்லைன்னு அப்பத்தான் உறைச்சுது. கிளட்சைப் பத்திக் கேட்டிருக்கேன், ஏசியைப் பத்திக் கேட்டிருக்கேன். கேட்டு, அவரு இல்லைன்னுட்டா அப்புறம் அம்மாகிட்ட நான் எந்தக் கோளாறைச் சொல்றது? கிட்டப் போய் நின்னேன். என்னங்க மாப்ளன்னு நிமிந்தாரு. வண்டிக்கு அடியில ஒரு அட்டை விரிச்சு வச்சிருக்கேன் மாமா, சொட்டுதான்னு காலையில பாத்துக்கலாம்னேன். பாத்துக்கலாமுங்கன்னாரு.

மறுநாள் காலையில அட்டையில ஒரு சொட்டுகூட இல்ல. மாமா குனிஞ்சு பாத்தாரு, முன்டயரைக் காலால ஒரு தட்டுத் தட்டி, தேஞ்சு போச்சுங்க மாப்ள, அவ்வளவு தூரம் தாங்காதுங்கன்னாரு. ஆமாங்க மாமான்னேன். சாயல்குடி போக நானும் பிரியாவும் காந்திபுரம் டவுன் பஸ்ல ஏறினோம்.